அம்மாவை விடப் பெரிய குஞ்சுகள்

சண்டைக்காரி குஞ்சு பொரித்த கதையைப் போன வாரமே சொல்லியாகிவிட்டது. படிக்காமல் விட்டவர்களுக்காக நாலு வரி.

டெய்லர் அக்கா புருஷனைப் பிரிந்து, பெற்ற பெண்ணையும் அவனிடம் பறிகொடுத்து, தையல் மிஷினும் ஒரு கோழியுமாகத் தம்பி வீட்டுப் பின் அறைக்கு வந்து சேர்ந்தவள். பழுப்பு நிறக் கோழி. யார் பக்கத்தில் போனாலும் கொத்தும் என்பதால் அதற்குச் சண்டைக்காரி என்று பெயர். அது அடைக்கு உட்கார்ந்தது. சேவலே இல்லாத தெருவில் அது இட்ட முட்டை எதற்கு ஆகும்? "உன் பண்ணையிலேர்ந்து கொஞ்சம் முட்டை கொண்டு வாடா" என்று தம்பியிடம் கேட்டாள். ஒரு பெரிய கோழிக் கம்பெனியின் பண்ணையில் முட்டை பிரிக்கிற வேலை தம்பிக்கு. கழித்துப் போட்டதில் ஒன்பதை எடுத்து வந்து கொடுத்தான். ஆறு பொரிந்தன. அக்கா ரொம்ப காலத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு போன வாரம் முடிந்தது. இந்த வாரம் அவ்வளவு சிரிப்பு இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

குஞ்சு பொரித்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. குஞ்சுகளைக் குஞ்சுகள் என்று சொல்வதே இப்போது மரியாதைக்குத்தான். ஒவ்வொன்றும் சண்டைக்காரியை விடப் பெரிது. வெள்ளை இறகு, மார்பில் இறகே இல்லாத சிவந்த தோல், பருத்த கால்கள். மற்ற கோழிக்குஞ்சு இந்த வயதில் சுவரேறிக் குதித்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நமக்குத் திட்டு வாங்கிக் கொடுத்திருக்கும். இவை தீனித் தட்டைச் சுற்றி உட்கார்ந்தபடியே தின்றன. தின்ற இடத்திலேயே தூங்கின.

சண்டைக்காரி தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் கூண்டைத் திறந்ததும் மண்ணைக் கிளறி ஒரு புழுவைக் கண்டுபிடித்தது. கொக் கொக் என்று கூப்பிட்டது. ஒன்றும் வரவில்லை. புழுவைத் தூக்கிக் காட்டிக் கீழே போட்டு, மறுபடி கூப்பிட்டது. கடைசியில் புழுவைக் கவ்விக்கொண்டு தட்டருகே வந்து ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் நின்றது. ஒன்றுகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"பாத்தியா, எப்படி வளந்திருக்குன்னு" என்றாள் அக்கா. கையில் தீனி டப்பா. "பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்துட்டு, இது கோழியா வாத்தான்னு கேக்கறாங்க. கண்ணு வெக்காம இருந்தா சரி."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். கோழிக்கு எப்படியோ, அக்காவுக்கு அவை பொன்தான்.

தம்பி பல் தேய்த்தபடி நின்றான். "அக்கா, தீனியைக் கொஞ்சம் குறைச்சுப் போடேன்."

"ஏன்டா, வாயில்லாத ஜீவன் வயித்துல அடிக்கச் சொல்றியா?"

"அதுக்கில்ல. ரொம்பப் போட்டா செரிக்காது."

"செரிக்காமத்தான் இப்படி வளந்திருக்கா?" என்று சொல்லி, தட்டில் குவித்துக் கொட்டினாள்.

குறைத்துப் போடு என்ற வார்த்தையை அக்காவிடம் சொல்லக் கூடாது. அது தம்பிக்கே தெரியும். அவளுடைய பெண் வாண்டு பிறவியிலேயே ஒல்லி. ஒரு வாய் சோறு இறங்குவதற்குள் தாய்க்கு இடுப்பு விட்டுவிடும். பிரியும்போது புருஷன் வீட்டார் கோர்ட்டில் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 'பிள்ளைக்குச் சோறு போடத் தெரியாதவள், பட்டினி போட்டவள்.' ஊரும் அதையே சொன்னது. பிள்ளை கை மாறியது. அன்றிலிருந்து அக்கா வீட்டுக்கு வருகிற தபால்காரரைக்கூட வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை.

அந்த வாண்டு இன்றைக்கு வருகிறாள். அவளுடைய அத்தை, அதாவது புருஷனின் தங்கை, கூட்டி வருகிறாள். பள்ளிக்கூட டீச்சர். பேச்சு இதுதான்: பகல் முழுக்க வாண்டு இங்கே இருப்பாள். பிடித்திருந்தால் லீவு முடியும்வரை அம்மாவோடு தங்கலாம். பிடிக்காவிட்டால் சாயங்காலம் அத்தையோடு திரும்பிவிடலாம். முடிவு பிள்ளையுடையது, யாரும் வற்புறுத்தக் கூடாது. அக்காவுக்கு அந்த ஒரு லீவு போதும். பிள்ளையை லீவு பூராவும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

சமையலறையில் தம்பியின் மனைவி காத்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை. இன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள்.

"என்னங்க, அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

தம்பி வாயைக் கொப்பளித்தான். தேவைக்கு மேலேயே கொப்பளித்தான்.

"என்னன்னு சொல்லச் சொல்றே? நான் கொண்டு வந்தது கறிக்கோழி முட்டை, இதுங்க வளரப் பொறந்தது இல்ல, வெட்டப் பொறந்ததுன்னு சொல்லவா? கம்பெனியில இந்த வயசு ஆனா லாரியில ஏத்திடுவாங்க. அதுக்கு மேல வெச்சிருந்தா கால் போகும், இல்லேன்னா நெஞ்சு நின்னு போகும். பொரியவே பொரியாதுன்னு நெனச்சுத்தான் கொண்டு வந்தேன். சும்மா உக்காந்துட்டு எந்திரிச்சுடும், அவளுக்கும் ஒரு பொழுதுபோக்குன்னு."

"பொரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"அன்னிக்கு அவ சிரிச்சா."

 அவன் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அது ஒன்றுதானா என்றால், இல்லை. பண்ணையில் வேலை பார்க்கிறவன் வீட்டில் ஒரு சிட்டுக்குருவிகூட வளர்க்கக் கூடாது. நோய் தொற்றிக்கொள்ளும் என்று கம்பெனி சட்டம். தெரிந்தால் அன்றைக்கே வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். அக்காவின் பழைய புருஷன் அதே கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். சண்டைக்காரி இருப்பதே வெளியே தெரியக் கூடாத விஷயம். அதோடு பண்ணை முட்டையையும் சேர்த்துக்கொண்டால் தம்பியின் நிலைமை எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் நல்லபடியா போகட்டும். நாளைக்குச் சொல்லிடறேன்" என்றான்.

"நாளைக்கு நாளைக்குன்னு ஒரு மாசமாச்சு."

"இன்னிக்கு வாண்டு வர்றா. இன்னிக்குப் போய் எப்படிச் சொல்றது, சொல்லு."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் படுகிற விஷயங்கள்தான் பல சமயம் குடும்பத்தைக் கவிழ்க்கின்றன.

வாண்டு வந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். பெண் வளர்ந்திருந்தாள். ஒல்லியாகத்தான் இருந்தாள், ஆனால் ஒரு பிடி உயரம் கூடியிருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"என்னடா சாப்பிடறே? பசிக்குதா?"

"வேணாம். நீங்க சாப்பிடுங்க."

போன தடவைவரை நீ, வா, போ என்றவள். இந்த 'நீங்க' எங்கேயிருந்து வந்தது என்று அக்காவுக்குக் கேட்கத் தோன்றியது. அதற்குப் பதில் பிஸ்கட், பழம், முறுகலாய் வறுத்த கடலை என்று தட்டுத் தட்டாகக் கொண்டு வந்து வைத்தாள். வாண்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து ஓரத்தைக் கடித்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"அங்க நல்லா சாப்பிடறா, அண்ணி" என்றாள் டீச்சர். உறவு அறுந்து போன பிறகும் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அண்ணி என்றே கூப்பிடுகிறவள். கெட்டவள் இல்லை. ஆனால் பேச ஆரம்பித்தால் வார்த்தைக்கு வார்த்தை முள் இருக்கும், அது அவள் குடும்பத்துச் சொத்து.

"குண்டு எங்கே?" என்று வாண்டு கேட்டாள்.

அப்போதுதான் அக்காவின் முகம் மலர்ந்தது. ஆறில் பெரியதற்குக் குண்டு என்று பெயர் வைத்தவளே வாண்டுதான். கம்பெனி சட்டம் எதுவும் தெரியாமல் அக்கா டீச்சரின் போனுக்கு அனுப்பிய படங்களை அப்பா இல்லாத நேரத்தில் பார்த்து, 'இது எனக்கு' என்று தேர்ந்தெடுத்திருந்தாள். இன்றைக்கு வர ஒப்புக்கொண்டதும் அதைப் பார்க்கத்தான்.

பின்பக்கம் போனதும் பிள்ளைக்குப் பையும் மரியாதையும் மறந்து போயிற்று. மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து குண்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தூக்க முடியவில்லை, இழுக்கத்தான் முடிந்தது. சண்டைக்காரி ஓடி வந்து அவள் ஷூ நாடாவைக் கொத்தியது. வாண்டு கிளுகிளுவென்று சிரித்தாள்.

"நான் இதோட அம்மான்னு நெனச்சு சண்டைக்கு வருது."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தியாடா என்கிற பார்வை. தம்பி சிரிக்க முயன்றான். மனைவி பக்கத்தில் நின்று அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"இது ஏன் ஓடவே மாட்டேங்குது?"

"ரொம்ப சமத்துடா அது. உக்காந்த எடத்துலயே இருக்கும்."

"நான் ஓட வெக்கறேன்."

வாண்டு குண்டைத் தட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று கூப்பிட்டாள். அது நாலு அடி எடுத்து வைத்து உட்கார்ந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

"வேணாம் பாப்பா, விட்டுடு" என்றான் தம்பி. "வெயிலா இருக்கு."

"நிழல்லதானே இருக்கு" என்றாள் அக்கா. டப்பாவிலிருந்து ஒரு கை தீனியை அள்ளிப் பிள்ளையின் உள்ளங்கையில் கொட்டினாள். "இதைக் காட்டு, ஓடி வரும் பாரு."

வாண்டு கையை நீட்டினாள். குண்டு எழுந்தது. இரண்டடி வேகமாகவே வந்தது. திடீரென்று ஒரு சத்தம் போட்டு இறகைப் படபடவென்று அடித்தது. மல்லாக்க விழுந்தது. கால் இரண்டும் விறைத்து நீண்டன. அவ்வளவுதான்.

 சண்டைக்காரி மட்டும் வந்து அதன் கழுத்தருகே மண்ணைக் கிளறி, எழுந்து வந்து தின்னச் சொல்லிக் கூப்பிட்டது.

வாண்டு அழவில்லை. அழுதிருந்தால் அக்காவுக்குத் தூக்கி அணைத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்திருக்கும்.

"என்ன பண்ணினீங்க இதை?"

"நான் ஒண்ணும் பண்ணலடா. நல்லாத்தான் சாப்பாடு போட்டேன். வேணும்னா மாமாவைக் கேளு."

"அப்பா சொன்னது சரிதான். உங்களுக்கு எதையும் பாத்துக்கத் தெரியாது."

டீச்சர் சேலை முந்தானையைச் சரிசெய்தபடி முன்னால் வந்தாள். "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுன்னு சொல்லுவாங்க. இங்க மிதிக்காமயே சாகுது. வா பாப்பா, கெளம்பலாம்."

அக்காவுக்குக் கோர்ட்டில் நின்ற நாள் ஞாபகம் வந்தது.  கையில் தீனி டப்பாவோடு பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாண்டு கையிலிருந்த தீனியை உதறிவிட்டு உள்ளே நடந்தாள்.

"பாப்பா, நில்லு."

தம்பியின் குரல்தான். அவனுக்கே அது அடுத்தவன் குரலாகக் கேட்டிருக்கும்.

"அம்மா மேல தப்பு இல்ல. முட்டை நான் கொண்டு வந்தது. எங்க பண்ணை முட்டை."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் நின்றாள்.

"இது கறிக்கோழி ஜாதி, பாப்பா. சீக்கிரம் சீக்கிரம் சதை போடறதுக்குன்னே உண்டாக்கினது. உடம்பு வளர்ற வேகத்துக்கு நெஞ்சு வளராது. இந்த வயசுக்கு மேல யாரு வளத்தாலும் இதே கதிதான். உங்கம்மாவுக்கு அது தெரியாது. நான் சொல்லல."

வாண்டு திரும்பி வந்தாள். மீதி ஐந்தையும் பார்த்தாள். அவை தட்டைச் சுற்றித் தின்றுகொண்டிருந்தன.

"அதுங்களும் செத்துடுமா?"

"ஆமா."

"எப்போ?"

"சொல்ல முடியாது. தீனியைக் குறைச்சா கொஞ்ச நாள் கூட இருக்கும். நெறைய போட்டா சீக்கிரம் போயிடும்."

பிள்ளைக்குச் சொன்ன பதில்தான். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. அக்கா கையிலிருந்த டப்பாவைக் குனிந்து பார்த்தாள். தினமும் இதை நிரப்பி, குவித்து, தட்டிக் கொடுத்துத் தின்ன வைத்த கை அவளுடையது. குண்டுக்கு மட்டும் தனியாக ஒரு கை கூடுதல். மகளுடையது என்பதற்காக.

"குறைச்சுப் போடுன்னு சொன்னது இதுக்கா?"

தம்பி தலையாட்டினான்.

"ஏன்டா காரணம் சொல்லல?"

"நீ சிரிச்சே, அக்கா. வந்ததுலேர்ந்து நீ சிரிக்கவே இல்ல."

"அதுக்காக என்னைக் கொலைகாரி ஆக்கிட்டியா?"

கத்தவில்லை. அக்கம்பக்கத்தில் விலாசம் கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டாள். தம்பிக்கு அதற்குப் பதிலாக ஒரு அறை வாங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வாண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"தெரியாதுடா. நெறைய போட்டா நல்லதுன்னு நெனச்சேன்."

அந்தப் பிள்ளை என்ன யோசித்தது என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் அந்த ஐந்தையும் பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் டீச்சரிடம் சொன்னது: "அத்தை, நான் இங்க இருக்கேன்."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

"எதுக்கு?" என்றாள் டீச்சர்.

"அதுங்க சாகற வரைக்கும். தனியா சாகக் கூடாது."

"அப்புறம்?"

"அப்புறம் வந்து கூட்டிட்டுப் போங்க."

முடிவு பிள்ளையுடையது என்று பேசியது டீச்சரே. பேச்சை மாற்ற அவளாலும் முடியவில்லை. வாசல்வரை தம்பியும் மனைவியும் கூடப் போனார்கள். செருப்பை மாட்டும்போது டீச்சர் தம்பியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"பண்ணையில இருக்கறவங்க வீட்டுல கோழி வளக்கக் கூடாதுன்னு எங்க அண்ணன் சொல்லுவாரே?"

"ஆமாங்க" என்றான் தம்பி.

"தெரிஞ்சுதான் அத்தனையும் வாயால சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

மனைவி குறுக்கே வந்தாள். "நீங்க மனசு வெச்சா இது இங்கயே நிக்கும்ங்க. இவருக்கு வேற வேலை தெரியாது."

"எங்க அண்ணன் ராத்திரி வந்ததும் குழந்தை எங்கேன்னு கேப்பாரு. பிடிச்சுப்போய் இருந்துட்டான்னா நம்ப மாட்டாரு, ஏன் அங்க விட்டுட்டு வந்தேன்னு கேப்பாரு. கோழியைச் சொல்லாம அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள் டீச்சர். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவளுக்கே விடை தெரியாமல்தான் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

குண்டைப் புதைக்கத் தம்பி மண்வெட்டியோடு போனான். அக்கா அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு அவளே தோண்டினாள்.  அப்புறம் அவன் எதிரே வந்தால் சுவரைச் சுற்றிப் போவதுபோல் விலகிப் போனாள்.

சாயங்காலம் தீனி வேளை. அக்கா டப்பாவைத் திறந்து, பழக்கத்தில் தட்டு நிறையக் கொட்டிவிட்டாள். கொட்டிய பிறகு நின்றாள். குனிந்து, ஒரு கையாகத் திரும்ப அள்ளி டப்பாவில் போட்டாள். இன்னொரு கை. இன்னொன்று. அவை குறுக்கே மூக்கை நுழைத்தபோது புறங்கையால் தள்ளிவிட்டு அள்ளினாள். தட்டின் அடி தெரிகிற அளவுக்குத்தான் மிச்சம் வைத்தாள்.

அது நொடியில் தீர்ந்தது. ஐந்தும் காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே அவள் காலடிக்கு வந்து கத்தத் தொடங்கின. அவை கத்தி அவள் கேட்டதே இல்லை. அதுவரைக்கும் அவற்றுக்குக் கத்த அவசியம் வந்ததில்லை.

வாண்டு கூண்டோரமாக உட்கார்ந்திருந்தாள். "அதுங்களுக்குப் பசிக்குதும்மா."

"தெரியும்."

"கொஞ்சம் போடுங்க."

"போடக் கூடாதுடா. மாமா சொன்னதைக் கேட்டேல்ல? போட்டா சீக்கிரம் போயிடும்."

"இன்னிக்கு மட்டும். பாவம்மா."

"இன்னிக்கும் கூடாது."

அவை எத்தனை நாளோ, மகள் அத்தனை நாள். மனசில் அந்தக் கணக்கைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அதற்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டினி போட்டவள் என்று ஊரே சொன்ன நாளில் அவள் யாரையும் பட்டினி போட்டிருக்கவில்லை. இப்போதுதான் போடுகிறாள், பெற்ற பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

கத்தல் அதிகமாயிற்று. அக்கா டப்பாவை இறுக மூடிக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.